கீழே வைக்கலாமா

ஊரிகம் ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டில் எனக்கு ஒரு பட்டப்பெயர். கீழவைக்கலாமா. சொந்தப் பெயர் ஆறுமுகம். அந்தப் பெயரைச் சொல்லித் தேடி வந்தவர்களை, அப்படி யாரும் இங்கே இல்லை என்று எங்கள் ஆட்களே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

பட்டப்பெயருக்குக் காரணம் உண்டு. டிரங்குப் பெட்டியோ, உரலோ, கோழிக் கூடையோ, எதைச் சுமந்து வந்தாலும் தரையில் வைக்கும் முன் சாமானுக்கு உடையவரைப் பார்த்துக் கேட்பேன். கீழ வைக்கலாமா? அவர் வை என்று சொன்னால் வைப்பேன். சொல்லாவிட்டால் நிற்பேன். அவர் டிக்கெட்டைத் தேடிக்கொண்டிருந்தால் தேடி முடிக்கும் வரை நிற்பேன்.

ஷெட்டில் இருப்பவர்களுக்கு அது வேடிக்கை. "பெருசு ஒரு நாளு இஞ்சினையே தலையில தூக்கி வச்சிக்கினு டிரைவர்கிட்ட கேக்கப் போவுது" என்பார்கள்.

நான் வேலையை விட்டு நின்ற அன்று எனக்கு மாலை போட்டார்கள். ஏன் அப்படிக் கேட்கிறாய் என்று அன்றும் கேட்டார்கள். பழக்கம் என்றேன். அந்தோணி என்று ஒருவர், சாமான் பெயர் கூப்பிடுகிறவர், அவர் விடவில்லை.

"பழக்கம்னா ஆரம்பம்னு ஒண்ணு இருக்கும்ல. எழுதிக் குடு. நீ வாயால சொன்னா நாலு வார்த்தைக்கு மேல வராது."

அது உண்மை. மிஷன் பள்ளியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கற்ற எழுத்து. வந்த வரைக்கும் எழுதுகிறேன்.

ரயில் இந்தத் தங்க வயல் வரைக்கும் வராத காலம். குடியாத்தம் பக்கத்திலிருந்து ஜனங்கள் தங்க வயலுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். மழை இல்லை, வேலை இல்லை, இங்கே சுரங்கத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தார்கள். தனி ஆளாக வருகிறவன் துணி மூட்டையோடு நடந்து வந்துவிடுவான். குடித்தனத்தோடு வருகிறவனுக்கு வண்டி வேண்டும். அதற்காகவே ஒரு வண்டிக் கம்பெனி இருந்தது. அதன் பெயரை எழுதவில்லை. இப்போது அது இல்லை.

அந்தக் கம்பெனியில் நான் வண்டிக்காரன். அப்பா போன பிறகு இரண்டு மாடும் ஒரு கூண்டு வண்டியும் எனக்கு வந்தன. வண்டி ஓட்டத் தெரியும். குடித்தனம் ஏற்றத் தெரியாது. அதைக் கற்றுக்கொடுத்தவர் கோபால் மேஸ்திரி. கற்பதற்குள் நிறையப் பானை உடைந்தது.

குடித்தனம் ஏற்றுவது நெல் மூட்டை ஏற்றுவது போல அல்ல. மூட்டை எல்லாம் ஒன்று போல இருக்கும். குடித்தனத்தில் ஒன்று போல ஒன்று இருக்காது. முதலில் உரலும் அம்மியும். இரண்டும் அச்சுக்கு நேர் மேலே உட்கார வேண்டும். கொஞ்சம் முன்னே போனால் மாட்டின் கழுத்து இறங்கிவிடும். பின்னே போனால் நுகத்தடி தூக்கிக்கொண்டு மாட்டின் தொண்டையைக் கயிறு இறுக்கும். உரல் குழியை வீணாக்கக் கூடாது. அதில் வைக்கோல் திணித்து விளக்கையும் முகம் பார்க்கும் கண்ணாடியையும் வைப்போம். சுற்றிலும் தானிய மூட்டை. அதன் மேல் பானைகள், ஒன்றுக்குள் ஒன்று, நடுவில் வைக்கோல். பாயும் துணியும் மேலே. அடுப்படிச் சாமானைக் கடைசியில் ஏற்ற வேண்டும். இறங்குகிற இடத்தில் அதுதான் முதலில் தேவை. பசி காத்திருக்காது.

மேஸ்திரி எதையும் கையால் தொட மாட்டார். மெல்லிய பிரம்பு ஒன்று வைத்திருப்பார். அது அடிப்பதற்கு அல்ல. பிரம்பு நுனியால் சாமானைத் தொடுவார். தொட்டது ஏறும். தொடாதது நிற்கும். பித்தான் இல்லாத கறுப்புக் கோட்டு. குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எல்லோரும் அவருக்கு ராஜா. வண்டிக்காரன் ராஜா, கூலிக்காரன் ராஜா, நொண்டுகிற மாடும் ராஜா. பெண்கள் ராஜாத்தி.

அவரைக் கெட்டவர் என்று எழுத மாட்டேன். என் வலத்து மாட்டுக்குக் கோமாரி கண்டபோது பொழுதெல்லாம் கூடவே நின்று வாயைக் கழுவி மருந்து போட வைத்தார். மாடு பிழைத்தது. அதுவும் அவர்தான். இனி எழுதப்போவதும் அவர்தான்.

குடித்தனம் ஏற்றுமுன் ஜனங்களிடம் ஒரு வார்த்தை சொல்வார். "உங்க வூட்டு வாசல்ல ஏத்துவோம். லைன் வூட்டு வாசல்ல இறக்குவோம். நடுவுல கை மாறாது."

கை மாறும். எங்களுக்குத் தெரியும். பேரணாம்பட்டு தாண்டினால் மலை. கணவாய் ஏறி முடிக்கிற இடத்தில் கம்பெனிக்கு ஒரு கொட்டகை இருந்தது. கீழ் நாட்டு மாடு அங்கே களைத்துப் போகும். பல தடவை அங்கேயே சாமானை இறக்கி, மேட்டு நாட்டு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, எங்களைத் திருப்பி விடுவார். இறக்கி ஏற்றுவதில் பானை உடையும். கேழ்வரகு நனையும். கேட்டால், "மலைக்கு மலை வண்டி ராஜா" என்பார். ஜனங்கள் அழுவார்கள். அப்புறம் வண்டிக்குப் பின்னால் நடப்பார்கள். வேறு என்ன செய்ய முடியும்? சாமான் வண்டியில் இருக்கிறது.

இப்போது முனுசாமி குடித்தனத்துக்கு வருகிறேன்.

முனுசாமியின் ஊர் சின்ன ஊர். பாதி ஊர் ஏற்கெனவே மைசூர் மைன்ஸ் என்ற சுரங்கத்தில் இறங்கியிருந்தது. ஸ்கெலட்டன் என்ற குடியிருப்பில், சுரங்க ஆட்களுக்குக் கட்டிய லைன் வீடுகளில், ஒரு வரிசை முழுக்க அந்த ஊர் ஆட்கள். முனுசாமியின் தம்பி சின்னசாமியும் அங்கேதான். ஒரு ஷிப்டில் பாறை சரிந்து அந்த வரிசை ஆட்கள் இரண்டு பேர் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களுக்குச் சுரங்கத்தில் இறங்கக் கால் வரவில்லை. ஊரில் எல்லையைக் காக்கச் செல்லியம்மன் இருக்கிறாள், இங்கே பூமிக்குள் இறங்குகிறோம், நமக்கு யார் என்று பேசிக்கொண்டார்கள். லைனுக்குக் கடைசியில் ஒரு மேடை கட்டினார்கள். வேம்பு நட்டார்கள். சின்னசாமியை ஊருக்கு அனுப்பினார்கள்.

ஊரில் அம்மனிடம் பூ வைத்துக் கேட்டார்கள். அம்மன் உத்தரவு கொடுத்தாள். கோயில் வாசல் மண்ணை ஒரு பிடி எடுத்துப் புதுப்பானையில் போட்டு, மஞ்சள் துணியால் வாயைக் கட்டினார்கள். அது பிடிமண். அந்த மண்ணை மேடையில் வைத்தால் அம்மன் அங்கே இருப்பாள். முனுசாமி பூசாரி வீட்டு ஆள். அவர் மனைவியோடு குடிவந்து, பூசையும் செய்து, தம்பியோடு சுரங்கத்திலும் இறங்குவதாக ஏற்பாடு. சின்னசாமி சேதி சொல்ல முன்னே போய்விட்டான்.

பிடிமண்ணுக்கு ஒரு கட்டு உண்டு. பானை வழியில் தரையில் படக் கூடாது. பட்டால் அம்மன் அந்த இடத்திலேயே இறங்கிவிடுவாள். அப்புறம் தூக்கினால் பானை வரும், மண் வரும், அவள் வர மாட்டாள். திரும்பிப் போய் இன்னொரு பிடி எடுக்கவும் முடியாது. அந்த ஊர்க் கோயிலில் ஒரு முறைதான் கொடுப்பார்கள்.

முனுசாமியின் மனைவி கன்னியம்மா. ஒல்லியான பெண். எதையும் நேராகக் கேட்பாள். ஏற்றுகிற அன்று மேஸ்திரியிடம் இதையெல்லாம் சொன்னாள். மேஸ்திரி தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிரம்பு நுனியால் என் வண்டிக் கூண்டின் நடு வளையத்தைத் தொட்டார்.

"இங்க உறி கட்டித் தொங்க விடு ராஜா. ஸ்கெலட்டன்ல ராஜாத்தியே இறக்கட்டும்."

"கை மாறாதுல்ல மேஸ்திரி?"

"மாறாது."

"வண்டி?"

"வண்டியும் மாறாது. கம்பெனி வார்த்த."

உறியை நானே பின்னினேன். பானை ஆடினால் இடிக்காமல் இருக்க இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினேன். மற்றச் சாமானைப் பானைக்குக் கீழே படாதபடி தாழ்த்தி அடுக்கினேன்.

வழி முழுக்க முனுசாமி வண்டியில் ஏறவே இல்லை. செருப்பும் இல்லை. பின்னால் பானையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஏறிக்கொள் என்றேன்.

"அம்மா குந்திக்கினு வர்றா. நான் எப்பிடிண்ணா பக்கத்துல குந்துறது?"

கன்னியம்மா முன்னால் என் பக்கத்தில் நடந்து வந்தாள். பேசிக்கொண்டே வந்தாள். லைன் வீடு எப்படி இருக்கும், தகரம் வேய்ந்ததா, மூங்கில் தட்டியா, தண்ணீர் எங்கே. நான் உம், இல்லை என்று சொன்னேன்.

"அண்ணா, உங்க மாடு உங்களவிட ரெண்டு வார்த்த அதிகமா பேசுது" என்றாள்.

முனுசாமி பின்னால் சிரித்தார்.

கணவாயின் அடியில் இன்னொரு ஜோடி மாட்டை முன்னால் பூட்டி ஏறினோம். சக்கரம் பின்னால் உருளாமல் கட்டை போட்டுக்கொண்டே வந்தவரும் முனுசாமிதான். கட்டை போடும்போதும் கண் பானை மேல்தான். மேலே கொட்டகைக்கு வந்து சேர்ந்தபோது உச்சி சாய்ந்திருந்தது. வானம் மூடியிருந்தது.

கொட்டகைக் கிணற்றில் அந்த ஜனங்கள் கயிறு போட முடியாது. எழுதி வைக்காத சட்டம். கீழே ஏரிக்குப் போக வேண்டும். குளிக்காமல் முனுசாமி பானைக்குக் கற்பூரம் காட்ட மாட்டார். அதனால் இரண்டு பேரும் ஏரிக்குப் புறப்பட்டார்கள். பானைக்கு நான் காவல் என்று ஏற்பாடு.

எங்களுக்கு முன்பே கொட்டகைக்கு வந்திருந்த மேஸ்திரி அப்போது என்னிடம் வந்தார். பிரம்பால் என் இடத்து மாட்டின் காலைத் தொட்டார். "லாடம் ஆடுது பாரு ராஜா. ஓட்டிக்கினு போயி அடிச்சிக்கினு வா. நான் இங்கதான நிக்கறேன்."

நான் கன்னியம்மாவைப் பார்த்தேன். அவள் மேஸ்திரியைப் பார்த்தாள்.

"நிப்பீங்களா?"

"நிப்பேன் ராஜாத்தி."

அவர்கள் ஏரிக்குப் போனார்கள். நான் மாட்டை ஓட்டிக்கொண்டு லாடம் அடிப்பவனிடம் போனேன். மாட்டைக் கட்டிச் சாய்த்து, பழைய ஆணி பிடுங்கி, குளம்பு செதுக்கி அடிக்க நேரம் ஆயிற்று. தூறல் விழ ஆரம்பித்தது.

திரும்பி வந்தபோது என் வண்டி காலியாக இருந்தது. காலியாக இல்லை, வேறு சாமான் ஏறிக்கொண்டிருந்தது. சுரங்கத்துக்குப் புதிதாக வந்த ஒரு துரையின் பெட்டிகள். அவற்றைக் கொண்டு வந்த வண்டி கணவாயில் அச்சு முறிந்து நின்றுவிட்டது. மழை வருகிறது. கொட்டகையில் கூண்டு போட்ட வண்டி என்னுடையது ஒன்றுதான். துரையின் குமாஸ்தா குடை பிடித்துக்கொண்டு, சீக்கிரம் சீக்கிரம் என்று நின்றார்.

மேஸ்திரி நிற்பேன் என்று சொன்னார். நின்றுகொண்டுதான் இருந்தார். துரையின் பெட்டிகளைப் பார்த்து நின்றார்.

முனுசாமி வீட்டுச் சாமான் சுவரோரம் கிடந்தது. கேழ்வரகு மூட்டை சேற்றில். உரல் கவிழ்ந்து, உள்ளே வைத்த கண்ணாடி நொறுங்கி இருந்தது. பானை அடுக்கு பாதிக்கு மேல் ஓடு. முழுசாக இருந்தது ஒன்றே ஒன்று. மஞ்சள் துணி கட்டிய பானை. அதை இறக்கியவன் ஈரப்பன் என்ற கூலிக்காரன், அந்தப் பக்கத்துத் தெலுங்கு ஆள். பூசைச் சாமான் என்று பார்த்ததும் தெரிந்திருக்கிறது. பயந்து, பத்திரமாக இறக்கியிருக்கிறான். கல் மேல் வைத்தால் அடி விரிசல் விடும் என்று மிருதுவான மண்ணாகப் பார்த்து, கையால் சமன் செய்து, சாயாமல் மூன்று சின்னக் கல் அணை கொடுத்து வைத்திருந்தான்.

என்னைப் பார்த்ததும் பானையைக் காட்டினான். "பகல்லேது, சூடு" என்றான். உடையவில்லை பார் என்று அர்த்தம். அவனுக்கு அது பெருமை. அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. யாரும் அவனிடம் சொல்லவில்லை.

கன்னியம்மா முதலில் வந்தாள். தலையில் தண்ணீர்க் குடம். ஈரப் புடவை. வண்டியைப் பார்த்தாள். சுவரோரம் பார்த்தாள். குடத்தை இறக்காமலே அங்கே போய்ப் பானை முன்னால் நின்றாள்.

மேஸ்திரி பின்னாலேயே போனார். குரலை இன்னும் தாழ்த்தினார்.

"மழ வந்துடுச்சு ராஜாத்தி. அவசரம். பான நல்லாத்தான் கீது. எடுத்துக்கோ. வேற வண்டி தர்றேன்."

"தரையில கீது."

"ஒரு நிமிசம் பட்டுருக்கும். யாரும் பாக்கல. உன் ஊட்டுக்காரு வர்றதுக்குள்ள தூக்கித் தொங்க விட்டா முடிஞ்சிது."

"நான் பாத்துட்டேனே."

மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு ராஜா. அடியில கல்லு இருந்துச்சில்ல? மண்ணுல படலன்னு சொல்லு."

நான் பானையைப் பார்த்தேன். சுற்றிக் கல் இருந்தது. அடியில் மண்தான்.

"பட்டுது மேஸ்திரி" என்றேன்.

அவர் பிரம்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அதற்கு முன் அவர் அப்படி வைத்து நான் பார்த்ததில்லை.

கன்னியம்மா குடத்தோடு நின்றுகொண்டே இருந்தாள். அவள் என்ன யோசித்தாள் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அம்மன் இறங்கிய இடத்தில் விளக்கு இல்லாமல் விடக் கூடாது. பூசாரி வீட்டு ஆள் ஒருவர் அங்கே இருந்தே ஆக வேண்டும். முனுசாமிக்கு மறுநாள் சுரங்கத்தில் பெயர் கொடுத்திருக்கிறது. போகாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள். ஊரில் நிலமும் இல்லை, திரும்பிப் போக வீடும் இல்லை. அப்படியானால் இருக்க வேண்டியது யார்?

மேஸ்திரிக்கும் அது புரிந்தது. "சொல்லாத ராஜாத்தி. புருசனோட போய்க் குடித்தனம் பண்ணு. சாமி ஒண்ணும் சொல்லாது" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. அவள் நல்லதுக்காகவும்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

"சாமி சொல்லாது மேஸ்திரி. பூமிக்குள்ள இறங்குறவங்க வெறும் பானையக் கும்பிட்டுட்டா இறங்குறது? அப்பால ஒருத்தருக்கு ஒண்ணு ஆச்சின்னா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு லைன்ல குந்துறது?"

முனுசாமி தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். அவளே சொன்னாள். மூன்றே வார்த்தையில் சொன்னாள். "அம்மா இங்க இறங்கிட்டா."

 அவர் பானை முன்னால் உட்கார்ந்தார். கற்பூரம் தூறலில் நிற்கவில்லை. ஈரப்பன் தன் துண்டை விரித்துப் பிடித்தான். முனுசாமி ஒரு செவ்வரளிப் பூவைப் பானையின் விளிம்பில் வைத்தார். வலது பக்கம் விழுந்தால் வருகிறேன் என்று அர்த்தம், இல்லாவிட்டால் இங்கேயே இருக்கிறேன் என்று அர்த்தம். பூ இடது பக்கம் விழுந்தது. மறுபடி வைத்தார். இடது பக்கம். மூன்றாவது தடவை வைத்தபோது விழவே இல்லை. நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம்.  பூ அப்படியே இருந்தது.

முனுசாமி எழுந்து, "சரி" என்றார்.

என் வண்டியைத் துரை சாமானோடு வேறு ஆள் ஓட்டிப் போனான். எனக்கு ஒரு மொட்டை வண்டி கொடுத்தார்கள். அதில் முனுசாமியின் பங்கை மட்டும் ஏற்ற வேண்டும்.

நான் எத்தனையோ குடித்தனம் ஏற்றியிருக்கிறேன். ஒரு குடித்தனத்தை இரண்டாகப் பிரித்து ஏற்றியது அந்த ஒரு தடவைதான். அதற்கு மேஸ்திரி முறை எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. அவரும் பிரம்பால் எதையும் தொடவில்லை. தூரத்தில் நின்றார்.

உரல் அவளுக்கு. அம்மி அவளுக்கு. விளிம்பு உடைந்தாலும் தேறிய இரண்டு பானையில் ஆளுக்கு ஒன்று. கேழ்வரகை அவிழ்த்து, நனைந்ததை அவள் எடுத்துக்கொண்டாள். காயவைக்க எனக்கு நேரம் இருக்கும் என்றாள். விளக்கு அவளுக்கு. அகப்பை ஒன்றுதான். அவருக்கு என்றாள். பாயும் ஒன்றுதான். அவள் சுருட்டி வண்டியில் வைத்தாள். அவர் எடுத்துக் கீழே வைத்தார். அவள் மறுபடி வண்டியில் வைத்தாள்.

"நீ தரையில படுப்பியா?" என்றார்.

"நீ சொரங்கத்துல வேல செஞ்சிட்டு வந்து தரையில படுப்பியா?" என்றாள்.

நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதைக் கட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் பாய் வண்டியில் இருந்தது. கட்டினேன்.

போகும்போது முனுசாமியை ஏறச் சொன்னேன். இப்போது வண்டியில் அம்மன் இல்லை. அப்போதும் அவர் ஏறவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

ஸ்கெலட்டனில் எல்லோரும் லைன் முனையில் நின்றிருந்தார்கள். பம்பை, உடுக்கை, வேப்பிலைத் தோரணம். மொட்டை வண்டியைப் பார்த்ததும் பம்பைக்காரர் அடிக்க ஓங்கிய கையை இறக்கினார். சின்னசாமி ஓடி வந்து வண்டிக்குள் பார்த்தான்.

"அண்ணி எங்க?"

முனுசாமி சொன்னார்.  ஒரு பெரியவர் கேட்டார். "எந்தப் பக்கம்?"

"கெழக்க. கணவா மேல."

மறுநாள் ஷிப்டுக்குப் போனார்கள். போகாமல் இருக்க முடியாது. ஷாப்ட் வாயில், ஆட்களைக் கீழே இறக்கும் கேஜில் ஏறும் முன் அந்த ஊர் ஆட்கள் எல்லோரும் கிழக்கே திரும்பிக் கும்பிட்டார்கள். அப்புறம் அது வழக்கம் ஆயிற்று. மற்ற ஊர் ஆட்கள் சூரியனைக் கும்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு தாங்களும் திரும்பினார்கள். ராத்திரி ஷிப்டிலும் திரும்பிக் கும்பிட்டார்கள். இல்லாத சூரியனைக் கும்பிடறானுங்க பாரு என்று கிண்டல் செய்தவர்களும் இருந்தார்கள். பிறகு அவர்களும் கும்பிட்டார்கள்.

நான் கம்பெனியை விடவில்லை. மாட்டுக்குத் தீனி வேண்டும். ஆனால் அன்று முதல் எதையும் கேட்காமல் கீழே வைக்கவில்லை. மேஸ்திரி ஒருமுறை பார்த்துவிட்டு, "இன்னா ராஜா, உப்பு மூட்டைக்குமா?" என்றார். ஆமாம் என்றேன். 

முனுசாமி லீவு கிடைத்தபோதெல்லாம் நடந்தே கணவாய்க்கு வருவார். இருந்துவிட்டுத் திரும்புவார். கன்னியம்மா கொட்டகைச் சுவரோரம் ஓலைக் குடிசை போட்டு இருந்தாள். பானையைச் சுற்றி ஈரப்பன் வைத்த மூன்று கல்லையும் எடுக்கவில்லை. அதைச் சுற்றித்தான் மேடை கட்டினார்கள். ஈரப்பன்தான் கட்டினான். வண்டிக்காரர்கள் ஏறி வந்ததும் அங்கே நின்று கும்பிட்டுவிட்டுத்தான் அவிழ்ப்பார்கள். ஒரு மழைக் காலத்துக்கு முன்னால், தங்க வயலிலிருந்து திரும்பும்போது, மேஸ்திரி என் வண்டியில் இரண்டு தகரம் ஏற்றினார். எங்கே என்று கேட்டேன். பிரம்பால் கிழக்கே காட்டினார். கூரைக்கு வந்த தகரம் யார் கொடுத்தது என்று கன்னியம்மா கேட்டாள். சொன்னேன். "வையிங்க" என்றாள். அவ்வளவுதான். மேஸ்திரி அந்தப் பக்கம் போனால் பிரம்பைக் கக்கத்தில் வைத்துக்கொள்வார்.

ஊரிகத்துக்கு ரயில் வந்தது. கணவாய்ப் பாதையில் குடித்தனம் வருவது நின்றது. கம்பெனியும் நின்றது. மேஸ்திரி எங்கே போனார் என்று தெரியாது. கொட்டகையின் ஓலையை யாரோ எடுத்துப் போனார்கள். சுவர் மட்டும் நின்றது. குடிசையும் மேடையும் இருந்தன. நான் மாட்டை விற்றுவிட்டு கூட்ஸ் ஷெட்டில் சேர்ந்தேன்.

முனுசாமியை ஸ்டேஷன் பக்கம் எப்போதாவது பார்ப்பேன். பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் குறைந்திருந்தார். பாறைத் தூசு நெஞ்சில் தங்கிவிட்டது. நடக்கும்போது இரண்டு மூன்று முறை நிற்பார். பிறகு நடக்க முடியவில்லை. சுரங்கத்தில் பெயரை எடுத்துவிட்டார்கள். லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். சின்னசாமி என்னைத் தேடி வந்தான்.

"கணவாய்க்கு வண்டி வேணும்ணா. வேற யாரும் அங்க போறதில்ல."

என் பெரியப்பா மகனிடம் வண்டி கேட்டு வாங்கினேன். கூண்டு வண்டி.

ஸ்கெலட்டனில் ஏற்ற ஒன்றும் இல்லை. ஒரு பானை, ஒரு அகப்பை, ஒரு பாய். பாய் நடுவில் தேய்ந்து போயிருந்தது. அதை வைக்கோல் மேல் விரித்து முனுசாமியைப் படுக்க வைத்தோம். இந்தத் தடவை ஏற மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல மூச்சு இல்லை. அச்சுக்கு நேர் மேலே படுக்க வைத்தேன். அங்கேதான் குலுக்கல் குறைவு. அண்ணாந்து கூண்டின் நடு வளையத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கிளம்பும்போது லைன் ஆட்கள் வந்தார்கள். பாதிப் பேர் புது ஆட்கள். அவரைத் தெரியாதவர்களும் வந்தார்கள். வண்டி கிழக்கே திரும்பியபோது எல்லோரும் கும்பிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தப் பக்கம் பார்த்தால் கை தானாகக் குவியும்.

மெதுவாக ஓட்டினேன், சின்னசாமி பக்கத்தில் நடந்து வந்தான். கணவாய் மேலே வந்தபோது கன்னியம்மா மேடை முன்னால் நின்றாள். சக்கரச் சத்தம் கேட்டிருக்கும். தலை நரைத்திருந்தது. அங்கே வண்டிச் சத்தம் கேட்டு வருஷங்கள் ஆகியிருக்கும். ஈரப்பன் தன் தோட்டத்திலிருந்து ஓடி வந்தான். கன்னியம்மா வண்டிக்குள் பார்த்தாள்.

நானும் ஈரப்பனும் ஒரு முனை, சின்னசாமி ஒரு முனை. பாயோடு அவரைத் தூக்கி இறக்கினோம். எடை இல்லை. மேடைக்கு முன்னால் தரை சுத்தமாக இருந்தது. ஒரு சருகு இல்லை.

நான் பாயைப் பிடித்தபடி நின்றேன்.

"கீழ வைக்கலாமா?" என்றேன்.

அவள் அவரைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள்.

"வைங்கண்ணா. இதுக்குதான இத்தினி வருசமா பெருக்கிக்கினு கெடக்கறேன்."

வைத்தோம்.